டியூப் போன பிறகு காற்றைப் பிடிப்பது எது?

தெற்குத் தில்லியில் ஆரவல்லி மேட்டின் மீது அமைந்திருக்கும் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக வளாகத்தின் மண்பாதைகளில் மிதிவண்டி ஓட்டுவோருக்கு முதல் பகை மேடும் அன்று, பள்ளமும் அன்று, முள். அங்கே மண்டிக் கிடக்கும் விலாயதி கீகர், தமிழ்நாட்டார் நன்கறிந்த சீமைக்கருவேலமேதான். ‘விலாயதி’, ‘சீமை’ ஆகிய இரண்டு சொற்களுமே அது அயல்நாட்டிலிருந்து வந்தது என்பதைத்தான் சொல்கின்றன. தெலுங்கில் அது சர்க்கார் தும்மா. பழி நேரே அரசாங்கத்தின் தலையில் விழுகிறது. குஜராத்தியில் காண்டோ பாவள், அதாவது பைத்தியக் கருவேல். ஒரே மரத்தின் மீது இத்தனை மொழிகள் இத்தனை விதமாகக் கோபப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. உதிர்ந்து காய்ந்த கிளையின் முள் டயரின் ரப்பரைத் துளைத்து, உள்ளிருக்கும் டியூபைத் தேடிப் போய்க் குத்தும்.

ஆகவே, சாதாரண மலைப்பாதை மிதிவண்டிச் சக்கரங்களை டியூப் இல்லாமல் ஓடும்படி மாற்றிக்கொள்வது பற்றிய பேச்சு மாணவர் விடுதிகளில் எழுவது இயல்பு. இப்பேச்சில் இரண்டு கட்சிகள் உண்டு. அதற்கென்றே செய்யப்பட்ட சக்கரத்தை வாங்காமல் இதில் இறங்குவது தற்கொலைக்குச் சமம் என்பது ஒரு கட்சி. ரிம்மில் ஒரு டேப்பைச் சுற்றி, ஒரு கரண்டி ரப்பர்பாலை ஊற்றினால் முடிந்தது வேலை என்பது மற்றொரு கட்சி. முதற்கட்சி வரலாற்றை மறந்துவிட்டுப் பேசுகிறது. இரண்டாவது கட்சி அளவுகளை மறந்துவிட்டுப் பேசுகிறது. இரண்டில் ஆபத்து மிகுந்தது இந்த இரண்டாவது மறதிதான்.

குழப்பத்தின் வேரில் பெயரும் இருக்கிறது. ‘டியூப்லெஸ்’ என்பது இல்லாத ஒன்றைச் சொல்லும் பெயர். வானொலி அலைவழிச் செய்தியைத் தமிழ் ஒரு காலத்தில் ‘கம்பியில்லாத் தந்தி’ என்று அழைத்தது போல, இதுவும் போனதைச் சொல்கிறதே ஒழிய, போனதன் வேலையை இப்போது யார் செய்கிறார் என்பதைச் சொல்வதில்லை. டியூப் இருந்தபோது அதற்கு ஒரே ஒரு கடமை: காற்றை வெளியே விடாமலிருப்பது. ரிம்மும் டயரும் அதற்கு வெறும் காவலர்கள். ரிம்மில் ஆரக்கம்பிக்கு ஒன்றாக முப்பத்திரண்டு துளைகள் இருந்தாலும், டயரின் ஓரம் ரிம்மோடு சரியாகப் பொருந்தாவிட்டாலும் அது பொறுத்துக்கொள்ளும். டியூபை எடுத்துவிட்டால் அக்கடமை மூன்றாகப் பிரிந்து மூவரிடம் போகிறது. ரிம்மின் துளைகளை மூடும் டேப்பிடம் ஒரு பங்கு. டயரின் ஓர மடிப்பு ரிம்மின் சுவரோடு இறுகும் அந்தப் பொருத்தத்திடம் ஒரு பங்கு. மீதி நுண்கசிவுகளையும் முட்துளைகளையும் அடைக்கும் சீலன்டிடம் ஒரு பங்கு. மூவரில் ஒருவர் தவறினாலும் காற்று போய்விடும். அதிலும் நடுவில் உள்ளவர் தவறினால் போவது காற்று மட்டுமன்று. டயரே ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும்.

முதற்கட்சி மறந்த வரலாறு இது. மலைப்பாதை மிதிவண்டிக்கு டியூபில்லாச் சக்கரத்தை 1999-இல் முறைப்படி கொண்டுவந்தவர்கள் பிரான்சின் மாவிக் நிறுவனத்தாரும் அவர்களோடு சேர்ந்த டயர் நிறுவனங்களும். அவர்களுடைய ரிம்மில் டயர் அமரும் பக்கத்தில் ஆரக்கம்பித் துளைகளே இல்லை. டயரும் தனி வகை. கச்சிதமான ஏற்பாடு, எடையும் அதிகம், விலையும் அதிகம். அதற்கு ஓரிரு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் ஸ்டான் கோஸியாடெக் என்பவர் எதிர்த்திசையிலிருந்து வந்தார். துளையுள்ள சாதாரண ரிம்மையே எடுத்துக்கொண்டு, டேப்பினாலும் ரப்பர்பால் கலந்த சீலன்டினாலும் அதைக் காற்றுப் புகாததாக்கினார். ‘நோ டியூப்ஸ்’ என்ற பெயரில் அவர் விற்ற அந்த ஒட்டுவேலைதான் பின்னாளில் தொழில்துறையின் பொதுவழியாயிற்று. இன்று ‘டியூப்லெஸ் ரெடி’ என்று முத்திரை குத்தி விற்கப்படும் சக்கரங்களில் மிகப் பெரும்பாலானவை துளையுள்ள ரிம், அதன்மேல் டேப், உள்ளே சீலன்ட் என்ற ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. சாதாரணச் சக்கரத்தை மாற்றுவது இந்த வழக்கத்தின் கள்ளப்பிள்ளை அன்று, மூத்த பிள்ளை.

ஆனால் முத்திரை பெற்ற ரிம்முக்கும் பெறாத ரிம்முக்கும் இடையில் ஒரு வேறுபாடு மெய்யாகவே இருக்கிறது. அது டேப்பில் இல்லை. டயரின் ஓரம் வந்து அமரும் விளிம்புத் திண்ணையில் இருக்கிறது. 26 அங்குலச் சக்கரத்தில் அந்த அமர்விடத்தின் விட்டம் 559 மில்லிமீட்டர் இருக்கவேண்டும், 27.5-க்கு 584, 29-க்கு 622. டியூபில்லா ரிம்மில் இத்திண்ணை துல்லியமாகக் கடையப்பட்டிருக்கும். அதன் உட்புறத்தில் சிறு மேடு ஒன்று எழுந்து நின்று, ஏறி அமர்ந்த டயர் மீண்டும் நடுப்பள்ளத்தில் சரிந்துவிடாமல் தடுக்கும். சாதாரண ரிம்மில் அந்த மேடு இருப்பதில்லை. அமர்விடமும் பெரும்பாலும் சற்றுத் தளர்வாகவே இருக்கும். டேப்பின் மறைமுகப் பயன் இங்கேதான் வெளிப்படுகிறது. 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள டேப்பைச் சுவரிலிருந்து சுவர்வரை இரண்டு அடுக்காகச் சுற்றினால் விட்டம் 0.8 மில்லிமீட்டர் கூடும். சுற்றளவு ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் கூடும். நீளாத கம்பியோ இழையோ உள்ளே ஓடும் டயர் ஓரத்துக்கு இந்த இரண்டரை மில்லிமீட்டர் சாதாரணமானதன்று. ‘டேப்பை இரண்டு சுற்றுச் சுற்று’ என்ற பழக்கத்தின் பின்னால் நிற்கும் கணக்கு இவ்வளவே. கணக்கு தெரிந்தவர் மூன்றாம் அடுக்கு எப்போது வேண்டும், எப்போது டயரை ஏற்றவே முடியாமற்போகும் என்பதைத் தாமே அறிவார்.

இதற்கொரு எளிய சோதனையும் உண்டு. முதலில் டியூபைப் போட்டே டயரை ஏற்றி, ஓரம் ‘டப்’பென்று அமரும்வரை காற்றடித்துப் பிறகு காற்றை முழுதும் இறக்கிவிடவேண்டும். இப்போது கட்டைவிரலால் டயரின் பக்கத்தை உள்நோக்கித் தள்ளினால் ஓரம் அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா, அல்லது சோம்பேறித்தனமாகப் பள்ளத்தில் சரிகிறதா என்று பார்க்கவேண்டும். பிடித்துக்கொண்டால் மேலே செல்லலாம். சரிந்தால் டேப்பைக் கூட்டி மறுபடி பார்க்கலாம். அப்போதும் சரிந்தால் அந்த ரிம்மில் டியூப் இருப்பதே நல்லது. முன்சக்கரத்தில் இச்சோதனையைத் தவிர்ப்பவருக்குப் பரிந்து பேச எவராலும் இயலாது. இந்தியாவில் மலைப்பாதை வண்டி என்ற பெயரில் விற்கப்படும் மலிவு விலை வண்டிகள் பலவற்றில் உள்ள ஒற்றைச்சுவர் ரிம்களை, குறிப்பாகச் சுவரின் மேல்விளிம்பு உட்புறம் மடியாமல் நேராக நிற்பவற்றை, சோதனைக்கே எடுக்கவேண்டியதில்லை. நிப்பிள் தலைகள் மேடுமேடாக நிற்கும் அந்தத் தளத்தில் டேப் ஒட்டுவதே பெரும்பாடு.

ரிம் தேறியது, ஆனால் தளர்வு குறையவில்லை என்றால், பழைய கைவழி ஒன்று இன்றும் விலைமதிப்புள்ளது. சிறுவர் வண்டியின் 20 அங்குல டியூபை எடுத்து, 26 அங்குல ரிம்மின் மேல் இழுத்துப் பூட்டி, வெளிப்புற நடுக்கோட்டில் நீளவாக்கில் வெட்டி, இரு இறகுகளாக விரித்து ரிம்மின் சுவர்களுக்கு வெளியே தொங்கவிடுவது. அதன்மேல் டயரை ஏற்றி, காற்றடித்து, பிதுங்கி நிற்கும் ரப்பரைச் சீவிவிடுவது. டயருக்கும் ரிம்முக்கும் இடையே அந்த ரப்பர் மெத்தைபோல் இறுகிக்கொள்ளும். டியூபின் வால்வே வால்வாகவும் பயன்படும். அழகில்லாத வேலைதான், இணையக் காணொளிகளில் நகைப்புக்கும் உள்ளாவது. ஆயினும் சாதாரண ரிம்மின் குறையை ஒப்புக்கொண்டு அதற்கேற்பச் செய்யப்படும் வேலை இது ஒன்றே. வால்வைத் தேர்வதில் மட்டும் ஒரு கவனம் வேண்டும்: வால்டியூப் மாட்டும் பழைய வகை உதவாது, சீலன்ட் அதன் ரப்பரில் ஒட்டி அடைத்துவிடும். மோட்டார் வாகனங்களில் உள்ள வகையே இந்தியச் சூழலுக்கு ஏற்றது.

அதற்கான காரணம் வளாக வாயிலில் அமர்ந்திருக்கிறது. டியூப் இல்லாத டயரை முதன்முறை அமர்த்தக் காற்று ஒரே மூச்சில் பாயவேண்டும். கைப்பம்பு அடிக்க அடிக்க ஓரத்தின் வழியே அது வெளியேறிக்கொண்டே இருக்கும். பஞ்சர் கடைக்காரரின் கம்ப்ரசர்தான் இதற்குத் தக்க கருவி. அதன் வாய் மோட்டார் வால்வில் நேரே பொருந்தும். பஞ்சரை ஒழிக்கக் கிளம்பிய தொழில்நுட்பம் தன் முதல்நாளிலேயே பஞ்சர் கடையின் வாசலில் போய் நிற்கிறது. வால்வின் உள்மூக்கைக் கழற்றிவிட்டு அடித்தால் காற்று இன்னும் தாராளமாகப் பாயும் என்பதைச் சொல்லித்தர அங்கே எவரும் தேவையில்லை. சொல்லவேண்டியது காற்றின் அளவைத்தான். டயர் அமர 40 பி.எஸ்.ஐ. வரை போகலாம்; அதற்கு மேல் வேண்டாம். லாரி டயருக்குப் பழகிய கம்ப்ரசர் சில நொடிகளில் அதைத் தாண்டிவிடும். ஓட்டும்போது 25 முதல் 30 போதும். டியூப் இருந்தால் இவ்வளவு குறைந்த காற்றில் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே அது நசுங்கிப் பாம்புக்கடிபோல் இரட்டைத் துளை விழும். அந்த அச்சம் நீங்கி, மென்மையாகத் தரையைப் பற்றி ஓட்டமுடிவதே டியூபைத் துறப்பதன் பெரும்பயன். முள் இரண்டாவதுதான் என்று மலையில் ஓட்டுபவர்கள் சொல்வார்கள். தில்லியில் ஓட்டுபவர்கள் ஒப்பமாட்டார்கள்.

சீலன்டைப் பற்றிச் சிறிது. அதன் உயிர்ப்பொருள் பெரும்பாலும் இயற்கை ரப்பர்பால். கோட்டயத்திலும் குலசேகரத்திலும் விடியலில் மரத்தைச் சீவிச் சிரட்டையில் ஏந்தும் அதே பாலின் இனம். அந்தப் பாலைத் தரும் நாட்டில் அயல்நாட்டுப் புட்டிக்கு அவ்வளவு விலை கொடுப்பதா என்று எழும் கேள்வி நியாயமானது. வீட்டிலேயே கலக்கப் பலர் முற்படுவதும் அதனால்தான். ஆனால் அம்மோனியா சேர்க்காத பால் உறைந்துவிடும். அம்மோனியா மிகுந்தால் அலுமினிய ரிம்மை அரிக்கும். உலராமலிருக்க ரேடியேட்டர் திரவத்தைக் கலப்பவர்கள் அதில் எத்திலீன் கிளைக்கால் உள்ளதா என்று பார்க்கவேண்டும். இனிப்புச் சுவையுள்ள நஞ்சு அது. சிந்தினால் வளாகத்து நாய்கள் நக்கும்.

புட்டியில் வந்தாலும் வீட்டில் கலந்தாலும் சீலன்ட் உலரும் பொருள். தில்லியின் மே, ஜூன் வெயிலில் அது இன்னும் விரைவாக உலரும். கோடை விடுமுறைக்கு வண்டியை விடுதிக் கொட்டகையில் பூட்டிவிட்டு ஊருக்குப் போகும் மாணவர், ஜூலையில் திரும்பும்போது தட்டையான டயரையும் உள்ளே காய்ந்த ரப்பர்த் தோலையும்தான் காண்பார். மாதத்தில் இருமுறை ஓட்டுபவருக்கு டியூபே சிக்கனம், டியூபே நிம்மதி. வாரத்தில் பலநாள் முட்பாதையில் போகிறவர், இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை டயரைத் திறந்து பால் ஊற்றச் சலிக்காதவர், இவர்களுக்கே இம்மாற்றம் பொருந்தும். இதை முதலிலேயே சொல்லாமல் மாற்றத்தை மட்டும் விற்பவர்களின் பரிந்துரையை ஏற்று, உதவித்தொகையில் ஒரு பகுதியை இழந்த மாணவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

மாற்றிய பிறகும் பையில் ஒரு டியூபை வைத்திருப்பது வழக்கம். பெரிய கிழிசலைப் பால் அடைக்காது. அப்படி வழியில் டியூபைப் போட நேர்ந்தால், முதலில் டயரின் உட்புறம் முழுவதையும் விரலால், அல்லது விரல் பிழைக்க ஒரு துணியால், பொறுமையாகத் தடவிப் பார்க்கவேண்டும். மாதக்கணக்கில் குத்திய கீகர் முட்களெல்லாம் சீலன்டின் தயவில் ஓசையின்றி அங்கேயே நின்றிருக்கும்; ஒரு பருவத்து முட்கள் முப்பது நாற்பது தேறினாலும் தேறும். அவற்றைப் பிடுங்காமல் புது டியூபைப் போட்டால் அடுத்த நூறு மீட்டருக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வாயிலுக்கு வரவேண்டும்.