தொண்டரின் வாக்கு எங்கே?

ஜெயலலிதா மறைந்த 2016 டிசம்பர் 5 இரவில் அ.தி.மு.க.வுக்குச் சட்டமன்றத்தில் தனிப்பெரும்பான்மை இருந்தது. மக்களவையில் 37 உறுப்பினர்கள் இருந்தார்கள். அடுத்த பொதுச் செயலாளர் யார் என்பதற்கு மட்டும் பதில் இல்லை. நான்கு மாதங்களுக்குள் தேர்தல் ஆணையம் கட்சியின் இரட்டை இலைச் சின்னத்தை முடக்கியது. 2024 மக்களவைத் தேர்தலில் அக்கட்சி ஓரிடத்திலும் வெல்லவில்லை.

தலைவியின் மறைவால் வந்த வினை என்று கட்சிக்காரர்கள் இதைச் சொல்லலாம். அந்த வினை அவர் உச்சத்தில் இருந்தபோதே விதைக்கப்பட்டது. காலையில் அமைச்சராக இருப்பவர் மாலையிலும் அமைச்சரா என்பது அவருக்கே தெரியாத கட்சியில் இரண்டாம் வரிசை எப்படி வளரும்? 2001, 2014 என இருமுறை வழக்குகளால் ஜெயலலிதா பதவி இழந்தபோது ஓ.பன்னீர்செல்வம் முதல்வரானார். தனக்கென ஒரு செல்வாக்கைத் தேடாததே அவரது முதல் தகுதி. 2017-ல் கட்சியைக் கட்டிக்காக்க அந்தத் தகுதி உதவவில்லை.

இத்தனைக்கும் பொதுச் செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது கட்சியைத் தொடங்கிய எம்.ஜி.ஆர். வகுத்த விதி. விதி ஏட்டில் இருந்தது. எதிர்த்து நிற்கத்தான் ஆளில்லை. அவர் 1987-ல் மறைந்ததும் கட்சி உடைந்து, 1989 தேர்தலில் சேவல் சின்ன அணியும் இரட்டைப் புறா சின்ன அணியும் மோதிக்கொண்டன, ஆட்சி தி.மு.க.வுக்குப் போனது. அந்த மோதலின் நடுவே நின்று மீண்டவர் ஜெயலலிதா. அவரும் பாடம் கற்கவில்லை என்பதுதான் வேதனை. விளைவு, தலைமைச் சண்டையில் 2022 ஜூலை 11 அன்று வானகரத்தில் கூடிய பொதுக்குழு செல்லுமா என்பதை 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று.

இது ஒரு கட்சியின் நோய் மட்டுமல்ல. இந்திரா காந்தியின் காங்கிரசில் 1972-க்குப் பிறகு உட்கட்சித் தேர்தல் நடக்க 20 ஆண்டுகள் ஆயின. தி.மு.க.வில் உட்கட்சித் தேர்தல் உண்டு. தலைவர் பதவிக்குப் போட்டிதான் இல்லை. வாரிசு தயாராக இருந்ததால் அங்கே கைமாற்றம் சிக்கலின்றி முடிந்தது. அதை ஜனநாயகம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு கட்சிகளைப் பதிவு செய்யச் சொல்கிறது. உட்கட்சித் தேர்தலைக் கட்டாயமாக்கவில்லை. ஜெர்மனியில் கட்சிகளின் உள்ளமைப்பு ஜனநாயக முறைப்படி இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. இங்கும் 29ஏ திருத்தப்பட வேண்டும். ரகசிய வாக்கெடுப்பில் தலைமையைத் தேர்ந்தெடுக்காத கட்சிக்குச் சின்னம் ஒதுக்கக் கூடாது. எந்தத் தலைவரும் இதைத் தாமாகக் கொண்டுவர மாட்டார். உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் தொண்டர்கள்தான் கேட்க வேண்டும், தலைவர் வலுவோடு இருக்கும்போதே.