நிழலைக் கண்டது யந்திரம், அப்புறம்?

கல்மண்டபம் பக்கம் ஒருவர் இருமினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011 இல் ஐகோர்ட் உத்தரவால் நின்றது. கரி எண்ணூர்ப் பக்கம் போயிற்று, இருமல் போகவில்லை. பீடி இருமல், தூசி இருமல் என்று ஏதாவது பெயர் வைத்துவிட்டு மூட்டை தூக்கப் போய்விடுகிறார்கள். அதில் எது க்ஷயம், எது வெறும் தூசி என்று யார் சொல்வது?

சொல்வதற்கு யந்திரம் வந்துவிட்டது. கையில் தூக்கிப் போகும் எக்ஸ்ரே பெட்டி. படத்தைப் பார்த்துச் சில நிமிஷத்தில் மார்க் போடும் கம்ப்யூட்டர். பதினைந்து வயதானவர்கள் முதல், காசநோய்ச் சோதனைப் படங்களை டாக்டருக்குப் பதில் இது பார்க்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனமே 2021 இல் சொல்லிவிட்டது. மத்திய சர்க்கார் 2024 டிசம்பரில் 347 மாவட்டங்களில் தொடங்கிய நூறு நாள் இயக்கத்திலும் இந்தப் பெட்டிகள் இறங்கின.

இந்த வித்தைக்கு ஆழ்கற்றல் என்று பெயர். "இது நோய், இது நோயில்லை" என்று படம் படமாகக் காட்டிப் பழக்குகிறார்கள். அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகம் 2017 இல் வெளியிட்ட ஒரே தொகுப்பில் 1,12,120 நெஞ்சுப் படங்கள்! மாணவன் சூட்டிகைதான். ஆனால் பக்கத்து இலையையும் பார்க்கிறவன். நிமோனியா கண்டுபிடிக்கப் பழக்கிய யந்திரங்களை 2018 இல் அமெரிக்காவில் சோதித்தார்கள். படம் எந்த ஆஸ்பத்திரியில் எடுத்தது என்பதைக்கூட யந்திரத்தால் கண்டுகொள்ள முடிந்தது. பழகாத ஆஸ்பத்திரிப் படங்களில் பல சமயம் திறமை குறைந்தது.

அது கிடக்கட்டும். முக்கியமான கேள்வி வேறு. எத்தனை மார்க்குக்கு மேல் போனால் ஒருவரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவது? அந்தக் கோட்டை யந்திரம் போடுவதில்லை; மனிதர் போடுகிறார். உயர்த்திப் போட்டால் செலவு மிச்சம். ஆனால் நோயுள்ள சிலர் "ஒன்றுமில்லை" என்ற சீட்டோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகள் பக்கத்தில் படுப்பார்கள். தாழ்த்திப் போட்டால், பழைய தழும்புக்காரரும் தூசி படிந்த நெஞ்சுக்காரரும் வீணாகச் சளி கொடுக்க நேரும்.

கொடுக்கட்டுமே! வடசென்னையில் கோடு தாழ்ந்துதான் இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சளியில் கிருமி உண்டா என்று சில மணி நேரத்தில் சொல்லும் ட்ரூநாட் கருவி நம் கோவாவிலேயே தயாராகிறது. அந்தச் செலவைப் பார்த்துக் கோட்டை உயர்த்துவது, நோயை நெருக்கடியான வீடுகளில் விதைப்பதாகும்.

ஏழையின் வாசலுக்கு வைத்தியம் போவது சென்னைக்குப் புதிதல்ல. சேத்துப்பட்டில் 1956 இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், சானடோரியத்தில் படுத்தவருக்கும் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவருக்கும் ஓராண்டில் பலன் ஏறக்குறைய ஒன்றே என்று 1959 இல் உலகத்துக்கே காட்டியது.

எக்ஸ்ரே வண்டி கல்மண்டபத்துக்குக் காலை பத்து மணிக்கு வந்து பயனில்லை. அப்போது சுமை தூக்குகிறவர் வேலையில் இருப்பார். சளி கொடுக்க இன்னொரு நாள் வா என்றால் ஒரு நாள் கூலி போச்சு. ஆகவே மாலை ஏழு மணிக்கு வரட்டும். சளி டப்பாவும் அதே வண்டியில் வரட்டும்.