விழறதுக்கு எதுக்குய்யா ரெண்டு மாசம்?

போன ஞாயித்துக்கிழமை ஜூடோ வகுப்பு முடிஞ்சு வெளிய வர்றேன், ஒரு அப்பா புடிச்சுக்கிட்டார். "ரெண்டு மாசமா பையன் விழுந்து விழுந்து எழுந்துக்கிறான் சார். காசு கட்டி அனுப்பறது இதுக்கா? தூக்கிப் போடறதை எப்ப சொல்லித் தருவாங்க?"

நானும் அங்க மாணவன்தான். சிரிச்சு மழுப்பிட்டு வந்துட்டேன். சொல்லாம விட்டதை இங்க கொட்டிடறேன், ஆட்டோ அனுப்பாதீங்க.

விழறதுக்கு ஜூடோவுல 'உகேமி'ன்னு பேர். பின்பக்கமா விழுந்தா தாடை நெஞ்சோட ஒட்டணும், பார்வை பெல்ட் முடிச்சு மேல இருக்கணும், முதுகு வளையணும், கைகள் பாயை அறையணும். படிக்க அரை நிமிஷம் போதும். ஆனா 'ஓசோதோகாரி'யில எதிராளி காலை வாரி மல்லாக்கச் சாய்ச்சா, தரைக்கு வர ஒரு நொடி கூட ஆகாது. அதுல யோசிக்க நேரம் ஏது? கழுத்து தானா மடங்கணும். ஆயிரம் தடவை மடங்கின கழுத்துதான் அப்படி மடங்கும்.

மிகைப்படுத்தறேன்னு நினைச்சா ஜப்பானைப் பாருங்க. 1882ல் ஜிகோரோ கானோ ஜூடோவை ஆரம்பிச்ச அதே நாடு. 1983க்கும் 2011க்கும் நடுவுல அங்க பள்ளி ஜூடோவுல இறந்த பிள்ளைங்க நூத்துக்கும் மேல. நிறைய பேருக்குக் காரணம் தலைக்காயம்; அதுலயும் புதுசா சேர்ந்தவங்கதான் அதிகம். தலை தரையில மோதணும்னு கூட இல்லை, வேகமா உலுக்கினாலே மூளையைச் சுத்தி இருக்கற ரத்தக்குழாய் கிழியலாம்.

"தப்பாவே ஆயிரம் தடவை செஞ்சா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. கண்ணை மூடிக்கிட்டு எண்ணிக்கை ஏத்தறது வெட்டி வேலைதான். பக்கத்துல ஒருத்தர் நின்னு திருத்தணும். முதல்ல படுத்தபடி, அப்புறம் குந்தி, அப்புறம் நின்னு, கடைசியா இன்னொருத்தர் தூக்கிப் போட்டு, இப்படிப் படிப்படியா போகணும். புதுப் பையனை பலசாலிகிட்ட மாட்டி விடவும் கூடாது. இதெல்லாம் சரி. ஆனா இதுல எந்தப் படியையும் ஒரே நாள்ல தாண்ட முடியாதே!

என்னைக் கேட்டா, முதல் வாரமே தூக்கிப் போட கத்துக் குடுக்கற இடத்துலேர்ந்துதான் பிள்ளையைக் கூட்டிட்டு ஓடணும்.

போன மழைக்கு எங்க வீட்டு மொட்டைமாடியில பாசி வழுக்கி மல்லாக்க விழுந்தேன். எதையும் யோசிக்கலை. தாடை உள்ள போச்சு, கை தரையை அறைஞ்சுது. உள்ளங்கை ரெண்டு நாள் எரிஞ்சுது, தலைக்கு ஒண்ணும் ஆகலை.

அடுத்த ஞாயிறு அந்த அப்பாகிட்ட மழுப்பாம சொல்லிடணும்.