சட்டமும் நாமும்: பிறர் காணியில் நாம் கட்டியது



“பத்து வருஷத்துக்கு மேல் இருந்தால் காணி எங்களுக்குத்தானே அக்கா?” என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. அண்மையில் கேட்டவர், 2000ஆம் ஆண்டு தென்மராட்சியிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு தாய். வெளிநாட்டில் இருக்கும் ஒருவரின் பாழடைந்த வீட்டில், அவரது வாய்மொழிச் சம்மதத்தோடு குடியேறினார். கூலி வேலைக் காசில் கூரை போட்டார், கிணறு திருத்தினார், மலசலகூடம் கட்டினார். இப்போது உரிமையாளரின் மகன் உறுதியோடு வந்து, ஒரு மாதத்தில் எழும்பச் சொல்கிறார்.

காணி அவருக்கு வராது என்றே நான் சொல்ல வேண்டியிருந்தது. ஆட்சியுரிமை பற்றிய 1871ஆம் ஆண்டுச் சட்டம் 10 வருடம் என்று சொல்வது உண்மை. ஆனால் அது, உரிமையாளருக்கு எதிராகத் தடையின்றி ஆண்டவருக்கே பொருந்தும். சம்மதம் பெற்று இருந்தவருக்கு அல்ல.

ஆனாலும் வெறுங்கையோடு போக வேண்டும் என்றில்லை. நல்லெண்ணத்தோடு இருந்து, காணியின் பெறுமதியைக் கூட்டியவர் நட்டஈடு கேட்கலாம். அது கிடைக்கும்வரை வீட்டை விடாதிருக்கும் உரிமையையும் நீதிமன்றம் ஏற்கக்கூடும். உரிமையாளர் அறிந்தே கட்டினீர்கள் என்பது உங்களுக்குச் சாதகம். பொதுவாக, செலவழித்த தொகை, கூடிய பெறுமதி ஆகிய இரண்டில் குறைந்ததே கணக்கில் எடுக்கப்படும்.

ஆகவே சீமெந்து, ஓடு வாங்கிய பற்றுச்சீட்டு, மேசனுக்குக் கொடுத்த கூலிக் கணக்கு, பழைய படங்கள், உரிமையாளரின் கடிதங்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். வாசிக்காமல் எந்தக் கடதாசியிலும் ஒப்பம் வைக்காதீர்கள்.

உறுதி வைத்திருப்பவரும் நீதிமன்றத்தின் மூலமே உங்களை எழுப்பலாம். பலாத்காரமாக வெளியேற்றினால் உடனே பொலிசில் முறையிடுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டப்படி, வெளியேற்றி 2 மாதங்களுக்குள் விடயம் ஆரம்ப நீதிமன்றத்துக்குப் போனால், மீண்டும் குடியிருக்கக் கட்டளை கிடைக்கலாம். தாமதித்தால் அந்த வழி அடைபடும்.

அந்தத் தாயின் தென்மராட்சிக் காணியிலும் இன்னொரு குடும்பம் வீடு திருத்தி இருக்கிறது. “அவைக்கும் இதே நியாயம்தானா?” என்று கேட்டார். ஆம் என்றேன். நமக்குக் கேட்கும் நியாயத்தை மற்றவருக்கும் கொடுத்தால், பல பிணக்குகள் மத்தியஸ்த சபையிலேயே தீரும்.

வழக்குப் பேச வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். போகும்போது பற்றுச்சீட்டுகளையும் கொண்டுபோங்கள்.