பூட்டிய பீரோவும் பூத்த லென்சும்



பூட்டி வைத்த பொருள் பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறோம். கேமரா லென்ஸ் விஷயத்தில் கதை தலைகீழ்! நம் சங்கத்துக் கேமரா வெளியே வருவது ஆண்டு விழாவுக்கும் விளையாட்டு விழாவுக்கும் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் தோல் உறைக்குள், இருட்டு பீரோவில். இந்த வருஷம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் லென்சுக்குள் சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழைகள். பூஞ்சை!

பூஞ்சை வித்துகள் காற்றில் எப்போதும் உண்டு. ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டிச் சில நாள் நீடித்தால் முளைத்துவிடும். ஐப்பசி மழையில் ஈரத்துக்கா பஞ்சம்? தூசியும் கைரேகைப் பிசுக்கும் அதற்குத் தீனி. தோல் உறையோ ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆரம்பத்திலேயே பார்த்தால், லென்சைப் பிரித்துத் துடைத்து எடுத்துவிடலாம். விட்டால் அது அமிலம் சுரக்கும். கண்ணாடியின் மேல்பூச்சு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம்தான். அது அரித்துப் போனால் எந்த மெக்கானிக் துடைத்தாலும் திரும்பி வராது.

இன்னொரு வியாதி எண்ணெய். சூட்டில் ஃபோகஸ் வளையத்தின் கிரீஸ் பிரிந்து, எண்ணெய் அப்பர்ச்சர் தகடுகளில் படியும். தகடு ஒட்டிக்கொண்டு நேரத்துக்கு மூடாது. படம் வெளிறிப் போகும். "ரெண்டு சொட்டு எண்ணெய் விடு, சரியாயிடும்" என்பார்கள். கூடவே கூடாது! அந்தத் தகடுகள் உலர்ந்தே ஓட வேண்டியவை.

எங்கப்பா கொத்தனார். தினமும் சாயங்காலம் கரண்டியைக் கழுவித் துடைச்சு வைப்பாரு. தினம் கைபடுற கரண்டியில துரு ஏறுவதில்லை. எங்க வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் நான். லென்ஸ் கழற்றி மாட்டும் கேமராவைத் தொட்டுப் பழக எனக்கு இந்தக் காலேஜை விட்டால் வேறு இடம் இல்லை.

"பசங்க கையில கொடுத்தா உடைச்சிடுவாங்க" என்கிறார்கள். உடையலாம், மறுக்கவில்லை. ஆனால் கீழே போட்டவனை யாரென்று கேட்கலாம். பூஞ்சை பிடித்த லென்சுக்கு யாரைக் கேட்பது?

எனவே நாம் கேட்க வேண்டியது மூன்று. ஒன்று, கையெழுத்துப் போட்டு வாங்கிப் போக ஒரு பதிவேடு. இரண்டு, தோல் உறைக்குப் பதில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நீல சிலிக்கா ஜெல், ஒரு ஈரமானி. ஈரம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். ஜெல் ரோஸ் நிறமானால் சூடாக்கி நீலமாக்கி மறுபடி போடலாம். மூன்று, பாழாய்ப்போன அந்த லென்சை ஏலத்தில் தள்ளாமல் வொர்க்ஷாப்பில் கொடுங்கள். எந்தக் கண்ணாடி எந்தப் பக்கம் பார்த்தது என்று குறித்துக்கொண்டு கழற்றி மாட்டிப் பழகுகிறோம்.

வரும் சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே கொண்டு வருவோம். கை தூக்க நீங்களும் வாருங்கள்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு