நடந்தால் நோய் தீருமா?

புற்றுநோய் மருத்துவத்துக்கு நிதி திரட்ட ஊர்கூடி நடக்கிறார்கள் என்று சொன்னால், நம்மவருள் பலர் ஏளனமாகச் சிரிக்கின்றனர். "நடந்தால் நோய் தீருமா? கொடுக்க நினைப்பவர் இருந்த இடத்திலிருந்தே கொடுக்கலாமே! இதற்கு ஒரு பனியனும் பதாகையும் ஊர்வலமும் எதற்கு?" என்று கேட்கின்றனர். கேள்வி கூர்மையானதுதான். ஆனால், கேட்பவர்கள் விடைக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே, விடையை எழுதியே வைக்கிறோம்.

இலங்கைத் தீவின் தென்கோடி தேவேந்திரமுனை, வடகோடி பருத்தித்துறை. 2011 ஜூலையில் 'ட்ரெயில்' என்னும் நடைப்பயணம் தெற்கே புறப்பட்டு, 27 நாட்களில் ஏறத்தாழ 670 கிலோ மீட்டர் கடந்து வடக்கே வந்து சேர்ந்தது. வழியெங்கும் ஊர்மக்கள் சேர்ந்து நடந்தனர். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுப்புவதே அதன் நோக்கம். போர் ஓய்ந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. வடபகுதி நோயாளிகளுள் பலர் சிகிச்சைக்காகக் கொழும்பை அடுத்த மகரகமை வரை போக வேண்டியிருந்த காலம் அது. கதிர்வீச்சுச் சிகிச்சை ஒரே நாளில் முடிவதன்று, வாரக்கணக்கில் நீள்வது. அன்றாடக் கூலியில் பிழைக்கும் ஒருவர் அத்தனை நாள் எங்கே தங்குவார்? அவர் வீட்டு அடுப்பு எப்படி எரியும்?

அந்த நடை 20 இலட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் திரட்டியது. தெல்லிப்பழையில் மருத்துவமனை எழுந்தது. 2016இல் அதே பாதை திரும்பியது. இம்முறை பருத்தித்துறையில் தொடங்கித் தேவேந்திரமுனையில் முடித்தனர். காலி நகரத்துக் கராப்பிட்டிய மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு அமைக்க நிதி திரட்டினர். வடக்கின் நோயாளிக்காகத் தெற்கு நடந்தது. தெற்கின் நோயாளிக்காக வடக்கிலிருந்து நடந்தனர். வீட்டிலிருந்தபடி கொடுக்கும் காசு இதைச் செய்துவிடுமா?

"மருத்துவமனை கட்டுவது அரசாங்கத்தின் வேலை" என்பது அடுத்த வாதம். அரசின் கடமையை நாம் மறுக்கவில்லை. ஆனால், அரசு வரட்டும் என்று காத்திருந்தால் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்திருக்குமா? தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பொதுமக்களின் நன்கொடையைத் திரட்டி 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிவைத்தது அது.

"தருமம் மறைவாக இருக்க வேண்டாமா?" என்பது மூன்றாவது வாதம். தனி மனிதர் கொடுப்பது மறைவாகவே இருக்கட்டும்; அதுவே சிறப்பு. ஆனால், நாம் மறைப்பது கொடையை மட்டுந்தானா? நோயையும் அல்லவா மறைக்கிறோம்! அதன் பெயரைச் சொல்லவும் கூசி, 'அந்த நோய்' என்கிறோம். மார்பில் கட்டியிருப்பதை மகளிடங்கூடச் சொல்லாமல் மாதக்கணக்கில் மூடிவைக்கும் தாய்மார்கள் நம் வீடுகளில் இல்லையா? வெளியே தெரிந்தால் பெண்ணுக்குச் சம்பந்தம் தட்டிப்போகும் என்று அஞ்சும் குடும்பங்கள் இல்லையா? தொடக்கத்தில் கண்டால் குணப்படுத்த வாய்ப்பு மிகுந்த நோயை, வெட்கத்தால் முற்றவைக்கிறோம். நோயிலிருந்து மீண்ட ஒரு பெண் நடுத்தெருவில் தலைநிமிர்ந்து நடந்து போவதை அந்தத் தாய் சன்னல் வழியே பார்த்தால், மறுநாளே மருத்துவரிடம் போகும் துணிவு அவளுக்குப் பிறக்கும். நடையின் பாதிப் பயன் அதுவே.

நம் சமுதாயம் ஈகையில் குறைந்ததன்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், மருத்துவச் சீட்டைக் கையில் பிடித்தபடி பள்ளிவாசல் வாயிலில் நிற்பவரை நாம் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. ஆனால், அடுத்த வாரம் வேறொருவர் நிற்கிறார். அதற்கடுத்த வாரம் இன்னொருவர். கொடுத்துக்கொண்டே இருக்கிறோம்; வாயிலில் நிற்போர் குறையவில்லை. சிறு கொடைகளை ஒன்றுகூட்டி நிலையான ஏற்பாடாக்கும் வழியை நாம் தேடவில்லை.

நடைகள் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு போற்றுகிறோமா? இல்லை. திரட்டிய பணத்தைப் பந்தலும் பதாகையும் விழுங்கினால் அது நிதிநடையன்று, திருவிழா. எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவு, எஞ்சியது யாரிடம் சேர்ந்தது என்னும் கணக்கை ஊரறிய வைக்காதவர்களுக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டாம். அவ்வாறே, நடை முடிந்ததும் புகையிலையை மென்று துப்புகிறவர் நடந்ததும் வீணே. வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்வது வாய்ப்புற்றுக்கு வழி என்பது ஐயத்துக்கு இடமற்ற உண்மை. நம் கல்யாண வீட்டுத் தாம்பாளத்திலிருந்து புகையிலையை முதலில் எடுத்தெறிவோம்.

ஆகவே ஜமாஅத் பெரியவர்களை வேண்டுகிறோம். ஆண்டுக்கு ஒரு நாள் ஊரை அழையுங்கள். ஆணும் பெண்ணும், இளைஞரும் முதியோரும் வரட்டும். அண்டை வீட்டு இந்துச் சகோதரரையும் கிறிஸ்தவச் சகோதரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த நோய் யாருடைய குலத்தையும் விசாரித்து வருவதில்லை. நடந்தால் நோய் தீராதுதான். நோயாளி தன்னந்தனியே நடக்கும் நிலை தீரும். அதற்காகவேனும் எழுந்து நடப்போம்.