கோப்பை சரி, லெதர் பந்து எங்கே?

நம்ம காரிமங்கலம் பசங்க எட்டு ஓவர் டென்னிஸ் பால் மேட்சில் ஜெயித்த படம் பார்த்தேன். ரொம்ப சந்தோஷம். ஆனால் பரிசுப் பணம் முழுக்கப் பனியனுக்கும் பிரியாணிக்கும் போவதில் எனக்குச் சம்மதமில்லை. (பிரியாணி ஒருவேளை இருக்கட்டும்.)

பக்கத்துச் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனும் இருபது வயது வரை டென்னிஸ் பந்தில்தான் வீசினார். அதே ஊர் ஜெயப்பிரகாஷ் அவரைச் சென்னைக்கு அழைத்துப்போய், நாலாவது டிவிஷனில் லெதர் பந்து ஆட வைத்தார். 2020 டிசம்பர் 4, கான்பெராவில் இந்தியாவுக்காக முதல் டி20, 3 விக்கெட்! 2023இல் சொந்த ஊரிலேயே மைதானம் திறந்துவிட்டார்.

நம்ம ஊருக்கு ஜெயப்பிரகாஷ் யார்? பெங்களூரு, ஓசூரில் சம்பாதிக்கிறவர்களே, பிட்சுக்கு ஒரு மேட், நாலு லெதர் பந்து வாங்கித் தாருங்கள். சொல்லிக்கொடுக்க ஆள் பிடிப்பது என் பொறுப்பு. யார் யார் என்று கீழே பெயர் போடுங்கள்.